ராஜகிரி தெரியும் உயரம்

செஞ்சியின் வரலாற்றில் சாதனைகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, மலைமேல் கோட்டை கட்டியது. மற்றொன்று, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஜெயராமன் வீட்டைவிட்டு வெளியே வராமலேயே ஊருக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுப்பது. முதலாவதற்கு யார் யாரோ உரிமை கொண்டாடுகிறார்கள். இரண்டாவதற்குப் போட்டியே கிடையாது.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு 'வீடுதோறும் வாசிப்பு' நேரலை. "நேயர்களே, ஊர் சுற்றாதீர்கள். வீட்டில் உட்காருங்கள். புத்தகத்தை எடுங்கள்" என்பார். அவர் எடுத்து அவர் மனைவி மங்கை பார்த்ததில்லை. சொல்வதோடு நிறுத்திக்கொள்வது பெரிய மனிதர்களின் அடக்கம் அல்லவா? மீதி நேரமெல்லாம் கட்டிலில் மல்லாந்து, பரோட்டா வீசுகிற வீடியோவும் நாய்க்குட்டி குளிக்கிற வீடியோவும் பார்ப்பார். அதற்குப் பெயர் 'களப்பணி'.

நேரலைக்குப் பின்னணியாக ஜன்னலில் ராஜகிரி மலை தெரிந்தாக வேண்டும். குறுக்கே நின்றது பக்கத்து வீட்டுத் தேவேந்திரனின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. போனை மேசைமேல் வைத்தால் சரித்திரத்துக்குப் பதில் தொட்டிதான் தெரிந்தது. விழாக்களில் தனக்குக் கொடுத்த கவிதைத் தொகுப்புகளை ஜெயராமன் அடுக்கிப் பார்த்தார். அத்தனையும் ஒல்லி. தொட்டியின் மூடியைக்கூடத் தாண்டவில்லை. அப்போதுதான் மங்கையின் கையிலிருந்த தடிமனான நாவல் கண்ணில் பட்டது; அதை வாங்கி அடுக்குக்கு அடியில் கொடுத்து, மேலே போனை நிறுத்தினார்.

விழுப்புரம் புத்தகக் கண்காட்சியில் அவர் கடைகடையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் வாங்கியது அது. சோறு கொதிக்கும்போது ரெண்டு பக்கம், துணி ஊறும்போது ரெண்டு பக்கம் என்று படித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள். கதையில் அல்லி என்றொருத்தி, வாய் ஓயாத புருஷனை விட்டுவிட்டுப் போவதற்குப் பெட்டியோடு வாசற்படியில் நிற்கிறாள். போனாளா, திரும்பினாளா? மங்கைக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இன்னாங்க, அத குடுங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்குது."

"ராஜகிரி கச்சிதமா தெரியுது மங்க. கைய வச்சிடாத."

"ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கக் கூடாதா?"

"புத்தகம் மனுசன உசத்தும்டி. ஸ்டாண்டு உசத்துமா?"

சொல்லிவிட்டு, அடுக்கு ஆடாமலிருக்க நாலு பக்கமும் பார்சல் டேப்பை இறுக்கிச் சுற்றினார். ஐப்பசி மழை வந்து போனது. அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கூட்டம் பஸ் பஸ்ஸாகப் போய்த் திரும்பியது. அல்லி மட்டும் பெட்டியும் கையுமாக டேப்புக்குள்ளேயே நின்றாள். பாத்திரம் தேய்க்கும்போதும் மங்கைக்கு அவள் நினைப்புதான்.

அன்றைய தலைப்பு, 'பாதியில் விட்ட புத்தகத்தின் கண்ணீர்'. ஜெயராமன் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவலூர்பேட்டை இளவழகன் என்ற நேயர் அந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி எழுதினார்: 'ஐயா, தற்போது தாங்கள் வாசிக்கும் நூலைக் காட்டினால் நாங்களும் பயன்பெறுவோம்.'

ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். மரியாதையாகக் காட்டத் தகுந்த கனத்தில் வீட்டில் இருந்தது ஒரே புத்தகம். அதன் தலைமேல்தான் நேரலை நடந்துகொண்டிருந்தது.

"மங்க! அந்த நாவல எடுத்தா!"

இரண்டாம் தடவை கூப்பிடவேண்டிய அவசியமே இல்லை. காய் நறுக்கிய கத்தியோடு ஓடிவந்தாள். டேப்பை ஒரே கீறாகக் கீறி, நாவலை உருவினாள். கவிதைகள் சரிந்தன. போன் மல்லாந்தது. நேயர்களுக்கு ராஜகிரி மறைந்து மின்விசிறி தெரிந்தது. மங்கை அங்கேயே தரையில் சம்மணமிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள்.

"கதாநாயகி பேரு இன்னானு கேக்குறாங்க" என்று போனின் மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார் ஜெயராமன்.

"இருங்க."

"கதையாவது இன்னானு சொல்லேன்டி, மானம் போவுது!"

"படிச்சிட்டிருக்கேன் இல்ல? சும்மா இருங்க."

சும்மா இருந்தார். மின்விசிறி சுற்றியது. ஐயா புத்தகத்தில் மூழ்கிவிட்டார் என்று நேயர்கள் நினைத்துக்கொண்டார்கள். 'இதுவல்லவோ மௌன வாசிப்பு!' என்று இளவழகன் உருகினார். இதயப் பொம்மைகள் மின்விசிறியைச் சுற்றிப் பறந்தன. ஜெயராமனின் பேச்சுக்கு இவ்வளவு வரவேற்பு எப்போதும் கிடைத்ததில்லை.

அல்லி திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள். மனசு நிறைந்திருந்தது.

"இந்தாங்க, இனிமே தாராளமா வச்சிக்கோங்க."

"முடிவு இன்னா? நாளைக்கு இதப் பத்திதான் பேசணும்."

"படிச்சிப் பாருங்களேன்."

"எனக்கு எங்க நேரமிருக்குது? ரெண்டு வரில சொல்லு."

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அல்லி போவல. அவ படிச்சிட்டிருந்த புத்தகத்த புருஷன் வாங்கி, மொத பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சிட்டான். அதான் மனசு மாறி நின்னுட்டா."

மறுநாள் ஐந்தரைக்கு ராஜகிரி பழையபடி கச்சிதமாகத் தெரிந்தது. ஜெயராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாவலை 'விமர்சனம்' செய்தார்.

"வரிக்கு வரி ரசித்தேன், நேயர்களே. ஒரே குறை, முடிவு. பெண்டாட்டி கையிலிருக்கிற புத்தகத்தைப் புருஷன் வாங்கி முழுதாகப் படிக்கிறானாம்! எழுதுகிறவர்களுக்கு மனசாட்சி வேண்டாமா? எந்த வீட்டில் நடக்கும் இந்த அதிசயம்?"

அடுக்களையிலிருந்த மங்கை, தன் போனில் அதற்கு ஒரு லைக் போட்டாள்.