வீட்டுவண்டிக்கு ஒரு வால்

வெர்னா துவைத்த துணிக் கூடையோடு திரும்பி வந்தபோது வீட்டைக் காணோம்.

வீடு நின்ற இடத்தில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தது. மின்சார வயர் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 'நல்வரவு' என்று எழுதிய மிதியடி மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வண்டிக்கார டெல்பர்ட் தன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"முட்டை வாங்கப் போயிருக்கான்" என்றார்.

"வீட்டையும் எடுத்துக்கிட்டா?"

"வேற எதுல போவான்? உங்ககிட்டதான் கார் இல்லையே."

வெர்னா பழைய நைட்டியில் இருந்தாள். மாற்றிக்கொள்ள வேண்டிய நல்ல உடையெல்லாம் வீட்டோடு சேர்ந்து முட்டை வாங்கப் போயிருந்தது. ஈரத்துணிக் கூடையைக் கவிழ்க்கவும் முடியாமல், தரையில் வைக்கவும் மனமில்லாமல், முகாமே வேடிக்கை பார்க்க அவள் மிதியடியின்மேல் நின்றாள். அரிசோனா வெயில், ஜனவரி என்றாலும் உறைக்கத்தான் செய்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த முகாமில் குளிர்காலத்தைக் கழிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டிக்குப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்கள். வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கடைக்கும் சர்ச்சுக்கும் காரில் போய்வருவார்கள். வெர்னாவின் புருஷன் ஹால்வர் மட்டும் மாட்டேன் என்றார். "சின்ன வண்டியா பாத்து வாங்கினதே வால் கட்டக் கூடாதுன்னுதான்" என்பது அவர் கொள்கை. ஆண்களுக்குக் கொள்கை என்று ஒன்று வந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் நடுத்தெருவில் நைட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

வீடு திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து இரண்டு தட்டுகள் துண்டு துண்டாக வெளியே விழுந்தன.

"அலமாரியைச் சாத்தாம கெளம்பினியா?" என்றாள் வெர்னா.

"சாத்தாம வச்சது நீ!" என்று ஹால்வர் கத்தினார். முகாமின் அந்தக் கோடிவரை கேட்டது. "சாமான்களை எடுத்து வச்சு, குழாயைக் கழட்டி, வயரைக் கழட்டி, எல்லாம் ஒரு டஜன் முட்டைக்காக! நீதான கேக் பண்ணணும்னு சொன்ன!"

"முட்டை எங்க?"

ஹால்வர் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

மின்னசோட்டாவில் ஆயுள் முழுக்க அரசாங்கத்தின் பனி அள்ளும் லாரியை ஓட்டியவர் ஹால்வர். எஞ்சின் இரைச்சலில் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது, அது கோபமே இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். எனக்கு இந்தச் சமாதானத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வெர்னாவும் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டாவும் கரண்டியும் முட்டும் சத்தத்திலேயே காலம் தள்ளியவள்தான். அவள் கத்துகிறாளா?

"கார் வாங்கினாத்தான் இனிமே இந்த வண்டியில அடுப்பு எரியும்" என்றாள் அவள், மெதுவாக.

கார் வந்தது. முகாமிலிருந்து ஊர் திரும்பும் ஒருவர் விற்ற சின்னச் சிவப்புக் கார். இழுவைக் கம்பியை எப்படி மாட்டுவது என்று டெல்பர்ட் சொல்லிக்கொடுத்தார். இப்படி யாராவது எதையாவது மாட்டினால் அக்கம்பக்கத்தினர் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவது அங்கே வழக்கம். புருஷன் வண்டியை நகர்த்துவான், பெண்டாட்டி பின்னால் நின்று கையைக் காட்டுவாள், இருவரும் சண்டை போடுவார்கள். இதற்கு டிக்கெட் வைத்தால்கூட வாங்குவார்கள்.

"லெஃப்ட்ல வா" என்று வெர்னா கையைக் காட்டினாள்.

"யாருக்கு லெஃப்ட்? உனக்கா எனக்கா?"

"நமக்கு!"

"நமக்குன்னு ஒரு லெஃப்ட் இருக்கா? நீ அந்தப் பக்கம் பாத்து நிக்கற, நான் இந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கேன்!"

நாற்காலிகளில் சிரிப்பு. டெல்பர்ட் எழுந்து வந்தார்.

"இங்க பாருய்யா ஹால்வர், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. இதைக் கட்டின பிறகு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எடுத்தா கார் சக்கரம் கோணிக்கும், கம்பி முறுக்கிக்கும்."

"எனக்கா ரிவர்ஸ் சொல்லித்தர? பனிப்புயல்ல ரிவர்ஸ் எடுத்தவன்யா நான்."

"பனிப்புயல்ல உன் பின்னால கார் இருந்துச்சா?"

ஹால்வர் எஞ்சினை உறுமவிட்டார். அதாவது, காதில் வாங்கவில்லை.

வெள்ளோட்டமாக ஊருக்குள் போனார்கள். வெர்னாவுக்குப் பசித்தது. பர்கர் கடை ஒன்று தெரிந்தது. வண்டியை விட்டு இறங்காமலே வாங்கிப்போகும் சந்து ஒன்று கடையைச் சுற்றி வளைந்து போனது. "நம்ம வண்டி சின்னது, தாராளமா நுழையும்" என்று ஹால்வர் திருப்பினார். நுழைந்தது. வளைவில் திரும்பியும் விட்டது. அப்புறம்தான் தலைக்கு மேலே, உயரமான வண்டிகளைத் தடுக்கக் கட்டித் தொங்கவிட்ட இரும்புக் கம்பி கண்ணில் பட்டது.

முன்னால் போனால் கூரை போய்விடும். ஹால்வர் ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் என்னவோ முனகியது. இறங்கிப் போய்ப் பார்த்தால், சிவப்புக் காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றன. கம்பியைக் கழற்றலாம் என்றால் முறுக்கத்தில் அதைப் பூட்டியிருந்த ஊசி அசைய மாட்டேன் என்றது. அதற்குள் பின்னால் கார்கள் வரிசை கட்டிவிட்டன. முதலில் ஒரு ஹார்ன், பிறகு எல்லா ஹார்னும்.

"சுத்தியலை எடு!" என்று கத்தினார் ஹால்வர்.

"எங்க இருக்கு?"

"எங்க இருக்குமோ அங்க!"

கடைக்காரப் பெண் ஒலிபெருக்கியில் பணிவாகக் கேட்டாள்: "வணக்கம், உங்களுக்கு என்ன வேணும்?"

"வழி வேணும்!" என்று ஹால்வர் அதற்கும் ஒரு கத்துக் கத்தினார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் வெர்னாவைப் பார்த்து, "எல்லாம் உன்னாலதான்! காரு காருன்னு உயிரை வாங்கின! இப்ப பசின்னு சொன்னதும் நீ!" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் ஹார்ன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

வெர்னாவின் முகம் சிவந்தது. அவள் சுத்தியலைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"அடுத்த வாரம் மாரிட் வீட்டுக்குப் போறோமில்ல?" என்றாள். மாரிட் அவர்களுடைய மகள், சான் டியேகோவில் இருக்கிறாள். "அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நீ என்கிட்ட ஒரு தடவ கத்தினாலும், ஒரே தடவ, நான் அவ வீட்டிலயே தங்கிடுவேன். நீ உன் வண்டியையும் வாலையும் கட்டிக்கிட்டுத் தனியா ஊரைச் சுத்து. விளையாட்டுக்குச் சொல்லல, ஹால்வர்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது ஹால்வருக்கும் தெரிந்தது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் டெல்பர்ட் ஒரு யோசனை சொன்னார்.

"கட்டவே கட்டாத. நீ வண்டியை ஓட்டு, அவ காரை ஓட்டிக்கிட்டுப் பின்னால வரட்டும். கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருந்தா எப்படிச் சண்டை வரும்?"

"எனக்குச் சம்மதம்" என்றாள் வெர்னா, கண் பளிச்சிட.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார் ஹால்வர்.

"ஏன்?" என்று கேட்டாள் அவள்.

ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் "பெட்ரோல் வேஸ்ட்" என்று எரிந்து விழுந்தார். இவரைக் கட்டிக்கொண்டு எப்படித்தான் அவள் இத்தனை காலம் மாரடித்தாளோ என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது. வெர்னா அந்தச் சிவப்புக் காரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, கட்டியே இழு" என்றாள்.

கிளம்பினார்கள். ஹால்வர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பின்னால் காரின் பாரம் வண்டியை இழுத்தது. மேட்டில் எஞ்சின் திணறியது. கண்ணாடியில் பார்த்தால் கார் தெரியவே தெரியாது. அது வருகிறதா, வழியிலேயே கழன்று போய்விட்டதா என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் வீணாகக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார்.

"லாரி வருது" என்றாள் வெர்னா.

"தெரியுது" என்றார் அவர், பால் ஊற்றுவது போன்ற குரலில்.

"ஓரமா போயேன்."

"போறேன்."

"இண்டிகேட்டர் போடல."

ஹால்வரின் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. "போட்டுட்டேன், கண்ணு" என்றார். கல்யாணமான நாளாக அவளை அவர் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. வெர்னாவுக்குப் பயமாகிவிட்டது.

கிலா பெண்ட் என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அங்கேயும் வெளியே போகும் வழியை ஒரு பெரிய லாரி பாதி மறைத்துக்கொண்டு நின்றது. ஹால்வர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த லாரியையே முறைத்தார்.

"சத்தம் வரல. ஆனா மூஞ்சி கத்துது" என்றாள் வெர்னா.

"மூஞ்சி கணக்குல சேராது."

"அடுத்தது வாய்தான். அப்புறம் என்னைச் சொல்லாத." அவள் எழுந்தாள். "எனக்குத் தலை வலிக்குது. நான் படுத்துக்கறேன். போய்ச் சேர்ற வரைக்கும் என்னைக் கூப்பிடாத."

ஹால்வர் கடைக்குள் போய்க் காபி வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியின் கடைசியில் கட்டிலுக்கு முன்னால் திரை இழுத்து மூடியிருந்தது. பக்கத்து சீட் காலி. லாரியும் நகர்ந்திருந்தது. சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

நேரான சாலை. இரண்டு பக்கமும் பாலைவனம். கொஞ்ச தூரத்தில் ஒரு கார்க்காரன் உரசுவதுபோல் குறுக்கே புகுந்தான். ஹால்வர் வாயைத் திறந்தார். உடனே திரையின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். அப்படி மூடியதும், உள்ளேயே நின்றுபோன சத்தம் வேறு எதையோ கிளப்பிவிட்டது போலிருக்கிறது. அவர் பேச ஆரம்பித்தார். மெல்லிய குரலில், சாலையைப் பார்த்தபடி.

"தூங்கறியா? தூங்கு. பதில் சொல்ல வேணாம். நீ தனியா கார்ல வர்றேன்னப்ப நான் ஏன் வேணாம்னேன்னு கேட்டல்ல? பெட்ரோலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தனை வருஷமும் அந்தப் பனி லாரியில தனியாத்தான் ஓட்டினேன். பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும், சும்மா. ரிடையர் ஆனா இந்த மாதிரி ஒரு சீட்டுல வெர்னா உக்காருவான்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுவேன். இப்ப நீ உக்காந்திருக்க. நான் கத்தறேன். என்ன மனுஷன் நான்!"

திரை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"அந்தப் பர்கர் கடையில தப்பு என்னோடது. டெல்பர்ட் சொன்னதை நான் கேக்கல. முட்டை விஷயமும் என்னோடதுதான். மன்னிச்சுக்க வெர்னா."

அந்த வார்த்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்தது. வானம் இடிந்து விழவில்லை. வெர்னா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லை ஊரான யூமா வரைக்கும் விட்டு விட்டு இன்னும் என்னென்னவோ சொன்னார். இத்தனை நிம்மதியாக அவர் என்றைக்கும் வண்டி ஓட்டியதில்லை. மாரிட் வீட்டு வாசலில் வெர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் காட்சிகூட மனதில் வந்துவிட்டது.

அங்கே எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டியதும் கலிபோர்னியாவின் சோதனைச் சாவடி. பழம், செடி எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. சீருடை போட்ட பெண் ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள்.

"பழம் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"ஸ்ஸ்! மெதுவா பேசும்மா. வீட்டுக்காரி உள்ள தூங்கறா. பழம் கிழம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்க்கப் பின்பக்கம் போனாள். போனவள் வர நேரமாயிற்று. யாரோடோ பேசுவதுபோல் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம் இருந்தது.

"அது ஏது?" என்றார் ஹால்வர்.

"கட்டி இழுக்கற கார்ல ஆளை உக்கார வைக்கக் கூடாது சார், சட்டப்படி குத்தம்" என்றாள் அவள். "அந்தம்மா கேக்கச் சொன்னாங்க: நீங்க கத்தறதை எல்லாம் கத்தித் தீர்த்தாச்சா, முன்னால வந்து உக்காரலாமான்னு. நீங்க பயப்பட வேணாமாம், இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூட அவங்க காதுல விழலையாம்."