உஸ் பாயின் ஜெனரேட்டர்

திருவொற்றியூரிலேயே சத்தமில்லாமல் தும்மத் தெரிந்த ஒரே மனுஷன், எங்கள் தெருக் கோடியில் பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருக்கும் உஸ் பாய்தான். நிஜப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வாயில் விரலை வைத்து "உஸ்" என்பார். அதுதான் வணக்கம், அதுதான் நலமா, அதுதான் போய்வருகிறேன்.

காரணம் இருக்கிறது. பிராய்லருக்கு உடம்பு வளர்கிற வேகத்தில் தைரியம் வளராது. டமார் என்று கேட்டால் போதும், மொத்தக் கொட்டகையும் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் மாட்டினது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால் தீபாவளிக்கு வீடு வீடாக வந்து பட்டாசைப் பிடுங்கிக்கொண்டு கோழிக்கறி கொடுப்பார். ஓட்டு கேட்டு வந்த ஆட்டோவை மறித்து, "மைக்க ஆஃப் பண்ணிட்டு கேளு தலிவரே, போட்றேன்" என்பார். இடி இடித்தால் வானத்தை முறைப்பார்.

என் தங்கச்சி கல்யாண ஊர்வலத்திலும் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, மோளத்த கையால தட்டச் சொல்லேன். குச்சி வாணாம்."

எங்க நைனாவுக்கு வந்ததே கோபம். "யோவ், நம்ம ஏரியாவுல சாவுக்கே ஆட்டம் பாட்டம். கல்யாணத்துக்கு உஸ்ஸா?"

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கட்.

போன மழையில் புயலடித்துக் கரண்டு போனது. நைனா நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷினை நம்பி இருப்பவர். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் விடியும்போது காலி. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. நைனாவின் உதடு நீலம் பூத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யார் சொன்னார்களோ, மீன்பாடி வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றித் தள்ளிக்கொண்டு உஸ் பாய் வந்தார். முந்தின நாள்தான் புதுக் குஞ்சு இறக்கியிருந்தார். அதுகளுக்குச் சூடு காட்டும் பல்பு எரிவதே அந்த ஜெனரேட்டரில்தான்.

"பாய், உன் குஞ்சுங்கோ?"

"அத்த அப்பால பாத்துக்கலாம். மிஷின் ஒயர எடுப்பா."

வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தார். தெருவே அதிர்ந்தது. நைனாவின் மூக்குக் குழாயில் காற்று வந்தது.

அப்புறம் குஞ்சுப் பெட்டிகளோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். மீன்கார அஞ்சலையக்கா வஞ்சிரக் கூடையில் சாக்கு விரித்து, குஞ்சுகளை அடுப்போரம் வைத்துக்கொண்டு, பூனையைப் பாத்ரூமில் போட்டுப் பூட்டினாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சட்டைக்குள் குஞ்சுகளைப் போட்டுப் பொத்தானை மாட்டி, நிறைமாசக்காரி மாதிரி நடந்தார். நைனாவுக்கு முகத்தில் களை திரும்பியதும் முதல் பேச்சு இதுதான்:

"எம் போர்வைலயும் ரெண்டு வுடுடா."

மறுநாள் கரண்டு வந்தது. பாய் குஞ்சுகளைத் திரும்ப வாங்க வந்தார்.

"எல்லாம் பொழச்சிகிச்சா பாய்?" என்றார் நைனா.

"எல்லாம் ஷோக்கா கீது அண்ணே."

வாசலில் அவர் வண்டியைப் பார்த்தேன். சாக்கில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. நைனா காதில் விழாமல் கேட்டேன்.

"இன்னா பாய், இவ்ளோ பூட்ச்சே."

"குஞ்சு கம்பெனில ஆர்டர் போட்டா வந்துடும். உன் நைனாவ எந்தக் கம்பெனில போட்றது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழித் தீவன நாற்றம் அடித்தது. விடத்தான் மனசு வரவில்லை.