ஆள்காட்டிக் குருவியின் தொண்டைக்குக் கமிஷன்

ஒரு காட்டில், நாட்டில் இருப்பது போலவே, ஆளுக்கொரு செல்போன் இருந்தது. கொடுத்தது கொம்பையா என்கிற யானை. காடே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். செல்போனை அவர் ஏறக்குறைய சும்மாதான் கொடுத்தார். சும்மா கொடுக்கிறவரைப் பார்த்துச் சந்தேகப்படும் அளவுக்கு அந்தக் காட்டில் யாருக்கும் புத்தி இல்லை. நமக்கெல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் காட்டின் குளத்தங்கரையில் அஞ்சலை என்றொரு ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தாள். பரம்பரைத் தொழில் கத்துவது. புலி புதரை விட்டுக் கிளம்பினால் போதும், வானத்தில் எழும்பி அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவாள். மான் ஓடும், முயல் ஓடும், புலி மானம்போய்த் திரும்பும். இதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

செல்போன் வந்த பிறகு எல்லோர் காதிலும் ஹெட்செட் ஏறிவிட்டது. ஒருநாள் ஒரு புள்ளிமான் பாட்டுக் கேட்டுத் தலையை ஆட்டியபடியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பின்னால் புலி. அஞ்சலை தொண்டை கிழியக் கத்தினாள். மான் இன்னும் நன்றாகத் தலையை ஆட்டியது. புலி நிதானமாக வந்து, அவசரமே இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனது. போகும்போது அஞ்சலையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அன்று முழுக்க அழுதாள். அழுது முடித்ததும் உட்கார்ந்து ஒரு ஆப் செய்தாள். பெயர் 'ஓடு'. அதில் ஒரே ஒரு பொத்தான்தான். அவள் அதை அழுத்திவிட்டுக் கத்தினால், கேட்கிறவர் காதில் ஓடும் பாட்டு நின்று அவள் குரல் விழும். மாதத்துக்குப் பத்துப் பிடி தினை கட்டணம். உயிருக்குப் பத்துப் பிடி அதிகம் என்று முயல் பேரம் பேசிப் பார்த்தது. அதை விடுங்கள், முயலுக்கு எல்லாவற்றிலும் பேரம்தான்.

ஆப்பை எங்கே வைத்து விற்பது? கொம்பையா கடையில்தான். அந்தச் செல்போனுக்குள் வேறு கடை நுழையவே முடியாது. கேட்டால், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்பார். அஞ்சலை போய் அவர் முன்னால் நின்றாள்.

"நல்ல ஆப்பு தாயி. உயிர் காக்குத காரியம். கேக்கையிலே எனக்குக் கண்ணு கலங்குது. பத்துப் பிடிக்கு மூணு பிடி எனக்கு."

"எதுக்கு அண்ணாச்சி? புலியப் பாக்கது நான். கத்துதது நான்."

"நீதான் கத்துத. யாரு இல்லேன்னா? கேக்குத காது யாருது?"

"மானோடது."

"அந்தக் காதுக்குள்ள இருக்கது?"

அஞ்சலை பார்வையைக் கடைப்பக்கம் திருப்பினாள். அப்போதுதான் அங்கே தன் ஆப்பை வைக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆப் இருப்பதைப் பார்த்தாள். அதன் பெயர் 'பந்தி'. மான் எங்கே மேய்கிறது, குட்டி எங்கே தனியாக நிற்கிறது என்று மரத்திலிருந்து மந்திகள் பார்த்துச் சொல்லும். வாடிக்கையாளர், புலி.

"அண்ணாச்சி, இது என்ன அநியாயம்! இதையும் நீங்கதான் விக்கேளா?"

"கடைன்னா எல்லாருக்கும் பொதுல்லா தாயி. அவன்கிட்டயும் பத்துக்கு மூணுதான் வாங்குதேன். தினை கெடையாது, எலும்பு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புங்கற பேச்சே நம்மகிட்ட கெடையாது."

பிறகு விதிமுறைப் பக்கம் ஒன்று திறந்தது. விரித்தால் குளத்தைச் சுற்றி வேலி கட்டலாம், அவ்வளவு நீளம். கடைசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். அஞ்சலை அதை அழுத்தினாள். படித்தாளா என்று கேட்காதீர்கள். நீங்கள் என்றைக்குப் படித்தீர்கள்?

ஆப் நன்றாகத்தான் ஓடியது. மான்கள் பிழைத்தன. முயல்கூட முணுமுணுத்துக்கொண்டே பிழைத்தது. ஆனால் அஞ்சலைக்கு வீட்டுக் கவலை. குளத்தங்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் பழக்கம் கிடையாது, வெறும் தரையில்தான் இடும். முட்டை எது, கல் எது என்று பெற்றவளுக்கே சில நேரம் சந்தேகம் வரும். அவள் புருஷன் பிச்சாண்டி அவற்றின்மேல் உட்கார்ந்தபடி, "நாலு வாய் வரப்போவுது. ஏழு பிடியில என்னத்தட்டி பண்ணுவ?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்தப் பக்கம் மிதிக்காமல் நடக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஜீவன்தான். கொம்பையாவின் மகள் பவளம், சின்னக் கன்று. அண்ணாச்சி காட்டுக்கெல்லாம் செல்போன் கொடுத்தாரே தவிர, தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. கண் கெட்டுப்போகுமாம், புத்தி மழுங்கிப்போகுமாம். விற்கிறவருக்குத்தானே சரக்கின் அருமை தெரியும். ஆகவே பவளத்துக்குக் காதும் கண்ணும் சுத்தமாக இருந்தன. தண்ணீருக்கு வரும்போதெல்லாம், "அத்தே, முட்ட எங்க இருக்கு? எந்தப் பக்கம் கால வைக்கட்டும்?" என்று கேட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து நடக்கும். அஞ்சலைக்கு அதன்மேல் உயிர்.

நாலு வாய்க் கவலை முற்றியதும் அஞ்சலை ஒரு காரியம் செய்தாள். ஆப்பின் அடியில் சின்னதாக ஒரு வரி எழுதினாள்: 'நேராகக் குளத்தங்கரைக்கு வந்து கொடுத்தால் எட்டுப் பிடி போதும்.' மானுக்கு இரண்டு பிடி மிச்சம், தனக்கு ஒரு பிடி கூடுதல். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள், பாவம்.

மறுநாள் கடையில் 'ஓடு' இல்லை. கேட்கப் போனால், ஆப்புகளைச் சோதித்துக் கடையில் வைக்கும் பரிசோதனைப் பிரிவு மந்தி வாழைப்பழம் உரித்துக்கொண்டே சொன்னது: "கடைக்குள்ள நின்னுக்கிட்டு வெளிய வழி சொல்லுதியே, நல்லாவா இருக்கு? இன்னொண்ணு. தொண்டை உட்பட வேற எந்த வழியிலயும் எச்சரிக்கக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டிருக்க. அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

"என் தொண்டையா?"

"முன்னால உன்னுது."

அஞ்சலைக்கு வந்ததே கோபம்! நேராகக் கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி ஆமை. வழக்கு என்ன வேகத்தில் நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு வாதாட வந்தது குள்ளநரி.

"கனம் கோர்ட்டார் அவர்களே," என்றது நரி. "என் கட்சிக்காரர் இல்லையென்றால் காட்டில் செல்போன் இல்லை. செல்போன் இல்லையென்றால் காதில் ஹெட்செட் இல்லை. ஹெட்செட் இல்லையென்றால் இந்த அம்மாள் வெறும் வாயால் கத்தினாலே எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஆப் எதற்கு? ஆக, இவருக்குத் தொழிலையே உண்டாக்கிக் கொடுத்தவர் என் கட்சிக்காரர். கேட்பது பத்தில் மூன்றுதான். நியாயப்படி பத்தையும் கேட்கலாம்."

கோர்ட்டில் இருந்த மான்களே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. நல்லவேளை, காதில் பாட்டு ஓடியதால் ஆட்டினவாம், பிறகு தெரிந்தது.

ஆமை யோசித்தது, ஓட்டுக்குள் போய் யோசித்தது, வெளியே வந்து தீர்ப்புச் சொன்னது: "குருவி வெளியே கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் தடுக்கக் கூடாது."

ஜெயித்துவிட்டாள்! குரங்குகள் குட்டிக்கரணம் போட்டன, மயில் ஆடியது, பிச்சாண்டி முட்டையை விட்டு எழுந்தே விட்டான். கொம்பையா மட்டும் துதிக்கையைத் தூக்கிக் கும்பிட்டு, "தீர்ப்புக்குத் தலைவணங்குதேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு பணிவை அவரிடம் அஞ்சலை அதுவரை கண்டதில்லை.

மறுநாள் 'ஓடு'வை மறுபடி கடையில் வைத்து, தீர்ப்பை அவர் அப்படியே நிறைவேற்றினார். வெளியே வாங்கும் பத்துப் பிடிக்கு இரண்டேமுக்கால் பிடி அவருக்கு. வெளியே போகிற வாசலும் கடையின் வாசல்தானாம். அது போதாதென்று, வெளியே கட்டணம் கட்டியவர் செல்போனில் அபாய அழைப்பு வருமுன் ஒரு பக்கம் திறக்கும்: 'நீங்கள் கேட்கப்போகும் புலி எங்கள் கடையில் சரிபார்க்கப்பட்ட புலி அல்ல. இருந்தும் ஓட விரும்புகிறீர்களா?'

முதலில் அதில் மாட்டியது முயல். இரண்டு பிடி மிச்சமாகிறதே என்று வெளியே கட்டியிருந்தது. புலி வந்தபோது 'ஆம்' என்று அழுத்தியது. 'நிச்சயமாகவா?' என்றது செல்போன். மறுபடி 'ஆம்'. 'எங்கள் சேவை பற்றி உங்கள் கருத்து?' என்றது. கருத்துச் சொல்ல முயல் அங்கே இல்லை.

மற்றவர்கள் பயந்து 'ஓடு' வேண்டாம் என்று அழித்துவிட்டார்கள். அஞ்சலையும் மனம் வெறுத்துக் கடையை விட்டு விலகினாள். ஜெயித்தவளுக்குத் தின்ன வழியில்லை.

அப்படியிருக்க ஒரு மத்தியானம். பவளம் தனியாகக் குளத்துக்கு வந்து, வழக்கம்போல முட்டையைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கி விளையாடியது. எதிர்க்கரைக் கோரைப்புல் அசைந்தது. புலி. அதன் கையில் செல்போன், செல்போனில் 'பந்தி'. 'குளத்தங்கரை, தனியாக, கொழுகொழு' என்று வந்திருந்தது. அன்றைய தகவலுக்கான கமிஷன் எலும்பு காலையிலேயே அண்ணாச்சி வீட்டு வாசலில் இறங்கிவிட்டது. பெற்ற மகள் எங்கே நிற்கிறாள் என்கிற செய்தியை விற்ற காசு அது. அவர் என்ன கண்டார், வரும் எலும்பை எல்லாம் எண்ணிப் பார்க்கவா முடியும்?

அஞ்சலை சிறகை விரித்தாள். பிச்சாண்டி பிடித்து இழுத்தான்.

"ஏட்டி, சும்மா கெட! தொண்டைய எழுதிக் குடுத்திருக்க. அவரு வீட்டுப் பிள்ளைய அவரு பாத்துக்கிடுவாரு. நம்ம பொழப்பக் கெடுத்த மனுசன்லா?"

"பிள்ள என்னத்தச் செஞ்சுது?" என்றவள் விருட்டென்று எழும்பிக் கத்தினாள். பழைய கத்து, வெறுந்தொண்டைக் கத்து. அந்தக் காட்டிலேயே அதைக் கேட்கக்கூடிய ஒரே காதில் அது விழுந்தது. பவளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையேறி யானைக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. ஏமாந்த புலி 'பந்தி'க்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனது.

கொம்பையா ஓடிவந்தார். அழுதார், நிஜமாகவே அழுதார். "எங் குலத்தைக் காப்பாத்திட்ட தாயி! பத்து மூட்டை தினை அனுப்புதேன். இன்னையிலேருந்து நீ எனக்குத் தங்கச்சி!"

இந்த இடத்தில் வேறு கதையாக இருந்தால் அவர் திருந்தியிருப்பார், நானும் எழுந்து போயிருப்பேன்.

மூட்டைகளோடு மந்தி வந்தது. பத்து மூட்டையையும் இறக்கிவைத்தது. மூன்றைத் திரும்பத் தூக்கிக்கொண்டது.

"ஏலே, இது அண்ணாச்சி தந்த பரிசுலா?" என்றாள் அஞ்சலை.

"ஆமா. அண்ணாச்சி கடை வழியா வந்துச்சுலா?" என்றது மந்தி. பிறகு மீதி ஏழையும் தூக்கியது. "இது அனுமதியில்லாமத் தொண்டையில கத்துனதுக்கு அபராதம். அண்ணாச்சிக்கு ரொம்ப வருத்தம்தான். ஆனா விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுலா."

மூட்டை கட்டியிருந்த கயிற்றை மட்டும் பெரிய மனதோடு விட்டுவிட்டுப் போனது. பிச்சாண்டி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புலி பயத்தில் அண்ணாச்சி இன்னொன்றும் செய்தார். மகளின் பாதுகாப்புக்காக அவளுக்கும் ஒரு செல்போன் மாட்டிவிட்டார். காடு முழுக்க யார் போனிலும் இனி 'ஓடு' தானாகவே இருக்கும்படியும் செய்துவிட்டார். அது வேலை செய்ய அஞ்சலை புதிய விதிமுறைப் பக்கத்தில் ஒருமுறை அழுத்தினால் போதும் என்று சொல்லி அனுப்பினார். "செத்தாலும் அழுத்த மாட்டேன்," என்று அஞ்சலை திருப்பிச் சொல்லி அனுப்பினாள். அவள் அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மறுநாள் பவளம் தண்ணீருக்கு வந்தது. காதில் ஹெட்செட், கண் செல்போனில். எந்தப் பக்கம் கால் வைக்கட்டும் என்று கேட்கவில்லை. நேராகக் கூழாங்கற்களின் மேல் நடந்து வந்தது.

"பவளம்! பவளம்!" என்று அஞ்சலை கத்தினாள். முகத்துக்கு முன்னால் பறந்து கத்தினாள். பவளம் திரையில் எதையோ பார்த்துச் சிரித்தது. பிச்சாண்டி முட்டையின்மேல் சிறகை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே இரண்டு முட்டை விரிசல் விட்டுக் கீச்சுக் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. தூண் மாதிரிக் கால் ஒன்று எழும்பி, அதற்கு நேர் மேலே வந்தது.

அஞ்சலை பாய்ந்துபோய்த் தன் செல்போனைத் திறந்தாள். புதிய விதிமுறை, பழையதைவிட நீளம். அலகால் கீழே கீழே தள்ளினாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' தெரிந்தது. கொத்தினாள்.

"நில்லு பவளம்! கீழ முட்ட!"

பாட்டு நின்றது. அந்தரத்தில் கால் நின்றது. பவளம் குனிந்து பார்த்து, "ஐயையோ, அத்தே!" என்று பதறி, காலை எடுத்துத் தள்ளி வைத்தது. பிச்சாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

நான்கும் நல்லபடியாகப் பொரிந்தன. நான்கு வாயும் பிறந்த உடனே கத்தத் தொடங்கின. ஆள்காட்டிக் குஞ்சு அல்லவா! அந்தச் சத்தத்துக்கு நடுவே பிச்சாண்டி விதிமுறையை எடுத்து, முதல் தடவையாக, முதலிலிருந்து கடைசிவரை படித்தான்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அஞ்சலை.

"இனிமே பத்துக்கு அஞ்சாம்."

"வேற?"

பிச்சாண்டி குஞ்சுகளைப் பார்த்தான். "இதுங்க தொண்டையும் சேத்தி," என்றான்.

நீதி: குஞ்சின் தலைக்கு மேல் யானைக்கால் நிற்கும்போது யாருக்கும் விதிமுறையைப் படிக்க நேரமிருக்காது, அதற்காகத்தான் அதை அவ்வளவு நீளமாக எழுதுகிறார்கள்.