நாற்பத்து மூன்று செங்கல்

"வீட்டு மூஞ்சியில பாதியை மட்டும் கழுவி வெச்சிருக்கீங்களே, மிஸ் ஆர்க்ரைட்! இது வீடா, கோமாளி வேஷமா?"

"கத்தாதீங்க க்ளைவ்! கறுப்புக்கு அடியில என்ன நிறம்னு பார்க்க ஒரே ஒரு செங்கல்தான் கழுவினேன்."

"ஒண்ணா? நாப்பது இருக்கு!"

நாற்பத்து மூன்று. விக்டோரியா ராணி காலத்து வீடு அது; அனுமதியின்றி முகப்பில் கை வைக்கக் கூடாது என்பது நகராட்சிச் சட்டம். நடுச்சுவருக்கு இடப்பக்கம் மாவிஸ் ஆர்க்ரைட், வலப்பக்கம் மனைவியை இழந்த க்ளைவ். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரத்து ஆலைப் புகையைக் குடித்து முகப்பு முழுக்கக் கறுத்துக் கிடந்தது. கழுவிய செங்கல் செக்கச்செவேலென்று தனியாகத் தெரிந்ததால் அதற்குத் துணையாக இன்னொன்று, அதற்கும் துணையாக மற்றொன்று.

"வியாழக்கிழமை நகராட்சி அதிகாரி வர்றாரு! இதைப் பார்த்தா எல்லாத்தையும் உத்துப் பார்ப்பாரே!" க்ளைவுக்கு வியர்த்தது.

வியர்க்க வேண்டியவர் மாவிஸ். பழைய வீடுகள் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். அனுமதியின்றி பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய மூன்று வீட்டாரை மொட்டைக் கடிதம் எழுதியே கழற்ற வைத்தவர். அவரே மாட்டிக்கொண்டால் தெருவுக்கே திருவிழா.

சங்கத்து அலமாரியிலிருந்த கொத்தனார் கையேடு வழி சொன்னது: புகைக்கரியைப் பீரில் குழைத்துப் பூசு.

தெருமுனையில் பப் என்னும் மதுக்கடை நடத்தும் டோரீனிடம் ஒரு வாளி புளித்த பீர் கேட்டார்.

"தோட்டத்து நத்தைக்குப் பொறி வைக்கவா?" என்றாள் டோரீன்.

"ஆமா, ஆமா."

பூசினார். கறுப்பு வந்தது. பீர் வாசனைக்கு நத்தைகளும் வந்தன. உப்பைத் தூவினார், சுவரில் வெள்ளைத் திட்டு. அதை மறைக்க மறுபடி பீர். நத்தைகள் உறவுக்காரர்களையும் கூட்டி வந்தன.

வியாழனன்று அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன இது, ரெண்டு பக்கமும் நத்தை ஊருது?"

மாவிஸ் வாயைத் திறப்பதற்குள் க்ளைவ் முந்திக்கொண்டார்.

"ஈரம் சார். வருஷா வருஷம் வரும்."

"கை படாத நூத்தம்பது வருஷப் புகை!" என்று அதிகாரி சுவரைத் தடவிப் பூரித்துப் போனார்.

தனக்காக ஒரு மனிதர் பொய் சொன்னாரே என்று மாவிஸ் உருகினார். செப்டம்பரில் கல்யாணம். இடப்பக்க வாசலைப் பூட்டிவிட்டு வலப்பக்க வாசலுக்குக் குடிபோனார். விருந்தில் அந்தப் பொய்யைப் பெருமையாக டோரீனிடம் சொன்னார்.

டோரீன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உங்களுக்காகவா? பதினோரு வருஷமா நத்தைக்குன்னு சொல்லி எங்கிட்ட வாளி வாளியா பீர் வாங்குறாரே! அவர் பக்கத்துக் கறுப்பு முழுக்க எங்க கடைச் சரக்குதானே, மேடம்!"