இஞ்சிக் கிடங்கில் பதினேழு ஒத்திகைகள்

1964 செப்டம்பர் 12, சனிக்கிழமை. இடம்: மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் உள்ள இஞ்சிக் கிடங்கு. பிற்பகல் மூன்று மணிக்குப் பதினான்கு பேர் மூட்டைகளுடன் வந்து சேர்ந்தனர். மூன்றேகாலுக்கு முகம் கழுவத் தண்ணீர் தரப்பட்டது. நான்கு மணிக்கு வரவேற்புரை. நீளம் நாற்பது நிமிடம். வழங்கப்பட்ட வாழைப்பழம் இரண்டு குலை. ஐந்து மணிக்குப் பதினான்கு பேருக்கும் காலரா தடுப்பூசி போடப்பட்டது. மயங்கி விழுந்தவர் ஒருவர். வந்தவர்களில் உண்மையான அகதிகள் எவருமில்லை.

எங்கள் மாணவர் குழுவின் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் உள்ள பதிவு இது. மயங்கி விழுந்தவர் குழுவின் தலைவர்.

எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்யாத மனிதன் உலகில் ஒருவன் உண்டென்றால், அவன் எங்கள் தலைவன் ரிகர்சல்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் மட்டாஞ்சேரியில் ஒருவருக்கும் தெரியாது. கல்லூரியில் சேர்வதற்கு முந்தின நாள் போட் ஏறி எர்ணாகுளம் போய், கல்லூரி வாசல் காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த போட்டில் திரும்பியவன் அவன். பரீட்சைக்கு முந்தின நாள் மூன்று மணி நேரம் வெறுமனே எழுதிக்கொண்டிருந்தான், கை தாங்குமா என்று பார்க்க. பல் பிடுங்கிக்கொள்வதற்கு முன் வைத்தியரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை கத்திப் பார்த்தான். வெளியே காத்திருந்த இருவர் எழுந்து ஓடிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவன் கையில் அகதிகளுக்கான உதவிக் குழு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. நெடுங்காலமாக அங்கே வணிகம் செய்த நம்மவர்கள் கப்பலேறிச் சென்னைக்கும், அங்கிருந்து ரயிலில் உறவினர் இருக்கும் ஊர்களுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். ரிகர்சல் ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய ஒரே அக்கா ரங்கூனில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் ரங்கூனுக்குக் கப்பலேறியபோது இவனுக்கு எட்டு வயது. மார்ச் மாதம் அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. பிள்ளைகள் இரண்டையும் அழைத்துக்கொண்டு முதலில் நான் புறப்படுகிறேன், அவர் பிறகு வருவார் என்று ஒரு வரி. அதன்பின் தகவல் இல்லை. வருவாரா, வந்தால் எந்த வண்டியில் வருவார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா வண்டிக்கும் தயாராக இருப்பதென்று ரிகர்சல் தீர்மானித்தான்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு பேர் சேர்ந்தோம். புது இஞ்சி வரும்வரை காலியாகக் கிடக்கும் கிடங்கை ஒரு வியாபாரி மனமிரங்கிக் கொடுத்தார். பெருக்கினோம், கழுவினோம், பாய் விரித்தோம். அகதிகள் வரவில்லை. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் சாயா குடித்துக்கொண்டு காத்திருக்கும். எங்கள் தலைவன் எங்களையே அகதிகளாக்கினான்.

"சாமீ, நீ ரெண்டு பிள்ளைங்க உள்ள பொம்பளை" என்றான் முதல் சனிக்கிழமை. பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பிள்ளையான என்னை அவன் சாமி என்றுதான் அழைப்பான்.

"எனக்கு மீசை இருக்குடா!"

"முக்காடு போட்டுக்கோ. பிடி, இது மூத்தவன், இது இளையவ." மூலையில் கிடந்த பழைய இஞ்சி மூட்டைகள் இரண்டை என் இடுப்பில் ஏற்றினான். "இளையவ அழறா சாமீ. என்ன செய்வே?"

"சாக்கு எப்படிடா அழும்?"

"பெத்த அம்மாவே இப்படிக் கேட்டா அந்தப் பிள்ளை எங்கே போகும்!"

கிடங்கின் காவல்காரர் பைலி சேட்டன் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "சாமீ, பிள்ளைங்களோட அப்பன் மேலே மூட்டை அட்டியிலே உண்டு. இறக்கித் தரட்டே?"

நான்கு ஒத்திகைகள் வரை அவனுக்குத் திருப்தி இல்லை. "ஒருத்தன் முகத்துலயும் களைப்பு இல்லை. வீட்ல இட்டலி தின்னுட்டு வந்து அகதியாம், அகதி!" என்றான். ஐந்தாவது ஒத்திகையிலிருந்து நாங்கள் விடியற்காலைப் பாசஞ்சரில் ஷொரணூர் வரை மூன்றாம் வகுப்பில் போய், பகல் வெயிலில் திரும்பி வந்து, துறைமுக ஸ்டேஷனிலிருந்து பாலத்தைக் கடந்து மூட்டைகளோடு நடந்து கிடங்கை அடைந்தோம். கரித்தூள் படிந்த முகத்தோடு நான் என் இரு மக்களையும் சுமந்து நடந்ததை என் மாணவர்கள் எவரும் அறியார்கள். பிற்காலத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவன் நான்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் ஒரு தவறைக் கண்டுபிடித்தோம். பசித்தவனுக்குக் கிண்ணத்தில் கஞ்சி கொடுத்தால் வாய் வெந்துபோகும். அகலத் தட்டு வேண்டும். பயணத்திலிருந்து இறங்கியவர் முதலில் தேடுவது சோற்றை அல்ல, மறைவிடத்தை. அடுத்தபடியாக, பிறர் தன் முகத்தைப் பார்க்குமுன் தான் ஒரு முறை பார்த்துக்கொள்ள விரும்புவார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு கண்ணாடிகள் மாட்டினோம், பெரியவர் உயரத்துக்கு ஒன்று, பிள்ளைகள் உயரத்துக்கு ஒன்று.

எட்டாவது ஒத்திகையில் ரிகர்சல் பதிவு மேஜையில் உட்கார்ந்து, அச்சடித்த படிவத்தைப் பார்த்து என்னைக் கேட்டான்: "அம்மா, நீங்க என்னென்ன இழந்தீங்க?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு அரிசி மில்லு, ரெண்டு யானை, ஒரு பியானோ, பின்னே எங்காத்துக்காரருக்கு மூணு பல்லு" என்று அடுக்கினேன். கிடங்கே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கூட்டைத் திறந்து, அந்தக் கேள்வியைப் படிவக் கட்டு முழுவதிலும் ஒவ்வொரு தாளாகக் கோடு போட்டு அடித்தான்.

"நல்லாத்தானேடா இருந்தது?"

"நீ சிரிச்சுச் சொன்னே சாமீ. அவங்க எப்படிச் சொல்லுவாங்க, நாலு பேரு முன்னால நின்னு?"

இனி அந்தச் செப்டம்பர்ச் சனிக்கிழமை. அது பதினொன்றாவது ஒத்திகை. ஊரில் உள்ள மாதர் சங்கத்தின் செயலாளர் அம்மாள் இரண்டு மாதமாக அகதிகளுக்காகக் காத்திருந்தவர். மூட்டைகளோடு நாங்கள் பாலத்தில் நடந்துவருவதை யாரோ பார்த்து அவரிடம் ஓடியிருக்கிறார்கள். கிடங்கில் நாங்கள் முகம் துடைத்து முடிப்பதற்குள் வாழைக்குலைகள் வந்தன, பிரமுகர் ஒருவர் வந்தார், சுகாதாரத்துறையிலிருந்து ஊசியோடு ஒருவர் வந்தார். வேடத்தை எக்காரணத்தாலும் கலைக்கக் கூடாது என்பது தலைவனின் நிரந்தர உத்தரவு. "யாரு வந்து கேட்டாலும் நீங்க ரங்கூன்தான்" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான்.

பிரமுகர் நாற்பது நிமிடம் எங்கள் துயரத்தை எங்களுக்கு எடுத்துரைத்தார். கடைசியில் எனக்கே கண் கலங்கியது. செயலாளர் அம்மாள் முக்காட்டுக்குள் குனிந்திருந்த என்னிடம் வந்து இளைய மூட்டையை வாங்கிப் பார்த்து, "பாவம், தூங்கற பிள்ளைக்கு எடை கூடும்" என்று மெதுவாகத் திருப்பித் தந்தார். ஊசி போட வந்தவர் என் கையில் இருந்த ரோமத்தைப் பார்த்தார். குனிந்து மீசையையும் பார்த்தார். கடமைக்குச் சம்பந்தமில்லாததை விசாரிப்பது அவர் வழக்கமில்லை போலும், குத்திவிட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்திருந்த ரிகர்சல் ஊசிக்குப் பார்க்கவில்லை. ஊசி தோலைத் தொடுமுன்பே விழுந்தான்.

"குத்தறது கையிலேயல்லே? ஆளு எந்தினா விழுந்தது?" என்று பைலி சேட்டன் தண்ணீர் தெளித்தார். கண் விழித்ததும் தலைவன் சொன்ன முதல் வார்த்தை: "எழுது சாமீ. ஊசி முதல் நாள் வேண்டாம். மூட்டை தூக்கற கை வலிக்கும்."

மறுநாள் செயலாளர் அம்மாளிடம் சென்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர், "அந்தப் பேச்சு முழுக்கக் கேட்டீங்கல்லோ, அது போதும் தண்டனை" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் முடியும் தறுவாயில், பதினேழு ஒத்திகைகளுக்குப் பிறகு, உண்மையாகவே ஒன்பது குடும்பங்கள் வருவதாகத் தந்தி வந்தது. பெயர்கள் அதில் இல்லை. காலையில் வரவேண்டிய வண்டி பகல் இரண்டு மணிக்கு மழையோடு வந்தது. எல்லாம் கடிகாரம் போல நடந்தது. பேச்சு இல்லை, மாலை இல்லை, எட்டிப் பார்ப்பவர் இல்லை. மறைவிடம், தண்ணீர், கண்ணாடி, அகலத் தட்டில் கஞ்சி, உட்கார முக்காலி. அதன் பிறகே பதிவு மேஜை. பைலி சேட்டன் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டினார். எனக்கு அன்று வேடமில்லை. ரிகர்சலின் முதுகுக்குப் பின்னால் நின்று படிவங்களை வாங்கி அடுக்கினேன்.

நான்காவதாக வந்து உட்கார்ந்தவர் இரண்டு பிள்ளைகளோடு வந்த ஓர் அம்மாள். ரிகர்சல் வழக்கப்படி தலை நிமிரவில்லை. பெயர் சொல்பவரை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது ஆறாவது ஒத்திகையின் முடிவு.

"பேரு?"

"ஜைனம்பு."

எழுதினான்.

"அத்தா பேரு?"

அவர் சொன்னார். அது ரிகர்சலின் தந்தையின் பெயர். அதையும் எழுதினான். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. பேனா அடுத்த கோட்டுக்கு வந்து நின்றது. தலை மட்டும் நிமிரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அக்காவைப் பார்த்ததும் என்ன செய்வதென்று பதினேழு சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட அவன் ஒத்திகை பார்த்து வைக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். மற்றெல்லாராகவும் எங்களை நடிக்க வைத்தான். தம்பியாக நடிக்க எவரையும் விட்டதில்லை.

எதிரே இருந்தவர் பேனா பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகம் கடிக்கிறதை இன்னும் விடலையாடா நீ?"

எங்கள் தலைவன், குழுவின் தலைவன், இருபது வயது ஆண்மகன், இரண்டு கைகளையும் சட்டென்று மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

"விட்டுட்டேன் அக்கா" என்றான். வாழ்நாளில் ஒத்திகை இல்லாமல் அவன் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அக்கா சிரித்த சத்தத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிச்சம் ஐந்து குடும்பங்களை அன்று நான் பதிவு செய்தேன். எழுதியதில் பாதி அழிந்திருந்தது. மழைச் சாரல் என்று குறிப்பேட்டில் காரணம் காட்டியிருக்கிறேன்.

புது இஞ்சி வருவதற்குள் ஒன்பது குடும்பங்களுக்கும் வீடு பார்த்துவிட்டோம். தை மாதத்தில் அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். வைப்பின் தீவில் ஒரு சிறு துணிக்கடை வைத்தார்கள். அக்கா இன்றும் அங்கேதான் பேரன் வீட்டில் இருக்கிறார்.

சென்ற வியாழக்கிழமை காலை, பம்பாயிலிருந்து ரிகர்சலின் மகன் தொலைபேசியில் பேசினான். முந்தின நாளே அடக்கம் வரை எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "வைப்பின் மாமிகிட்ட நீங்க நேர்ல போய்ச் சொல்லணும் அங்கிள். போன்ல கூடாதுன்னு அத்தா எப்பவும் சொல்வாங்க" என்றான். சொல்கிறேன் என்றேன்.

இதை அச்சிடும் இதழ் கடைக்கு வருமுன் செய்து முடிக்க வேண்டியவை, இன்று ஞாயிறு மாலை வரை செய்யாதவை:

1. அவன் மகனுக்குக் கடிதம். விளிப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்.

2. பதினான்கு பேரில் மிச்சமிருக்கும் மூவருக்குத் தகவல்.

3. போட் ஏறி வைப்பினுக்குப் போய் அக்காவிடம் சொல்வது. அவருக்கு எண்பத்து நான்கு வயது. எப்படித் தொடங்குவதென்று நான்கு நாட்களாகத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்து அக்காவாக நடித்துக் காட்ட அவன் இல்லை.