சிவப்புத் தொப்பியைக் கழற்றிய ரிஜெக்ட் அங்கிள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சபையில் ஆண்டவரிடமே குறை கண்டுபிடிக்கக்கூடியவர் ரிஜெக்ட் அங்கிள் ஒருவர்தான். அவர் நிராகரித்தவற்றில் என் நினைவில் இருப்பவை:

1. கிறிஸ்துமஸ் நட்சத்திரம். ஒரு முனை வளைந்திருந்ததாம். சிவப்பு 'ரிஜெக்ட்' சீட்டு ஒட்டினார்.
2. சொந்த மகளின் கல்யாண கேக். மூன்றாம் அடுக்கு சாய்வு. பெண் அழுதாள்.
3. போதகரின் பிரசங்கம். "அன்பு பத்தி நல்லா சொன்னீங்க பாஸ்டர். நீதியைக் காணோமே? ரெண்டும் ஒரே ஆள்கிட்ட எப்படி இருக்கும்னு சொல்லுங்க. இது பாதி வேலை."
4. என்னால் கெட்ட அறுபது சர்க்யூட் போர்டுகள்.

எண்பதுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ரேடியோ தொழிற்சாலை. அவர் தரப் பரிசோதகர், சிவப்புத் தொப்பி. லைனில் உட்காருபவர்களுக்கு நீலத் தொப்பி. சிவப்புத் தொப்பிக்காரர் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைத் தொடக்கூடாது. நான் புது டெக்னீஷியன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்.

லைன் பெண்கள் பார்த்துச் செய்ய மாதிரி போர்டு ஒன்று தயாரிப்பது என் பொறுப்பு. அதில் கெப்பாசிட்டர் என்ற மின்தேக்கி ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அவர்கள் அதையே அறுபது முறை பிசகாமல் செய்தார்கள்.

அங்கிள் அறுபதிலும் சீட்டு ஒட்டினார். அறிக்கையில் என் பெயரை எழுதினார்.

"ஒரு ஆள் பண்ண தப்பு லைன் முழுக்க வந்துருச்சு பாத்தியா? ஆதாமும் இப்படித்தாம்மா."

"அங்கிள், அடுத்த வாரம் வேலை கன்ஃபர்மேஷன் லா. பேரை மட்டும் விட்டுடுங்களேன். ஒரே சபை நாம. கொஞ்சம் அன்பு வேணாமா?"

"அன்பு இருக்கும்மா. ரேடியோ வாங்கினவன் வீட்ல இது வெடிச்சா? அவன் மேல எனக்கு அன்பு வேணாமா?"

கழிவறையில் அழுதுவிட்டுத் திரும்பினேன். என் பக்கத்து ஸ்டூலில் அங்கிள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நீலத் தொப்பி மாட்டி, கையில் இரும்போடு உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், யூ கெனா டிமோட் கா?" பதவி இறக்கிவிட்டார்களா என்று சீன சூப்பர்வைசர் சிரித்தார்.

"முப்பது உனக்கு, முப்பது எனக்கு. பேசாம வேலையப் பாரு" என்றார் என்னிடம்.

தடித்த விரல்கள். இரண்டு முறை சுட்டுக்கொண்டார். இன்னொரு பரிசோதகர் வந்து அவருடைய போர்டுகளில் மூன்றை நிராகரித்தபோது லைன் முழுவதும் கைதட்டியது. அங்கிள் சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் ஒட்டியிருக்கான்" என்று மறுபடி இரும்பை எடுத்தார்.

என் பெயர் அறிக்கையில் அப்படியே இருந்தது. வேலை மூன்று மாதம் தள்ளித்தான் நிரந்தரமானது. அங்கிள் ஓய்வு பெற்றுச் செந்தூலில் இருக்கிறார். அன்பும் நீதியும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும் என்று போதகரை இன்றும் விடாமல் கேட்கிறார். பதில் எதுவும் இதுவரை தேறவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு மதியம் முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன்.