முகமூடி மாட்டிய நலங்கு

எதையும் அளவோடு நிறுத்திய சரித்திரம் எனக்குக் கிடையாது. பத்து நிமிடம் போதும் என்று எழுதியிருந்தால், அது மற்றவர்களுக்கு என்றே நினைத்துக்கொள்வேன்.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. கன்னத்தில் பருக்கள் பந்திக்கு முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்தது ஒரே முறை, அதுவும் முழு மேக்கப்பில். (நிஜ மூஞ்சியைப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுவார்களே!) அந்தப் பயத்தில் ஆன்லைனில் ஒரு எல்.இ.டி. முகமூடி வாங்கினேன். மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டால் முகம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம் அடிக்கும், பரு வாடிவிடும் என்றார்கள்.

அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "வெறும் லைட்டு இன்னாடி பண்ணும்? மஞ்சளப் பூசிகினு மேல மாட்டு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. (அறிவு!) கஸ்தூரி மஞ்சள் தீர்ந்துவிட்டதால், சமையல் மஞ்சள் தூளைத் தயிரில் குழைத்துக் கழுத்துவரை அப்பிக்கொண்டு, முகமூடியோடு முக்கால் மணி நேரம் தூங்கியும் போனேன்.

மூன்று முறை சோப்புப் போட்டும் மஞ்சள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு, நிச்சயத்துக்குத் தைக்க என் அளவு ஜாக்கெட்டை வாங்க வந்து வாசலில் நிற்கிறார் வருங்கால மாமியார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"இன்னா சம்பந்தி இது? நிச்சயமே ஆவல, அதுக்குள்ள பொண்ணுக்கு நலங்கு வெச்சிகீறீங்க? வேற எடத்துல முடிச்சிட்டீங்களா?"

கல்யாணம் நெருங்கும்போதுதானே பெண்ணுக்கு மஞ்சள் பூசி நலங்கு வைப்பார்கள்! "ஐயோ, அது பருவுக்குங்க..." என்று அம்மா இழுத்தார்.

"யார்கிட்ட கத வுடுறீங்க?" மாமியார் படியிறங்கிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே ஓடி, முகமூடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "அத்தே, இங்க பாருங்க! பரு போவத்தான் மஞ்சளப் பூசிகினு இத மாட்டிகினேன்!"

"ஐயையோ!" என்று மாமியார் கேட்டைப் பிடித்துக்கொண்டார். முகமூடியைக் கழற்றிவிட்டு ஓவென்று அழுதேன். "மூஞ்சி பூரா பரு அத்தே. பாத்தா வேணாம்னுடுவீங்கன்னுதான்..."

கிட்டே வந்து என் தாடையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இதுக்காம்மா? எம் புள்ள தொப்பய உள்ள இழுத்துகினுதான் உன்னப் பாக்க வந்தான்!"

நிச்சயம் நடந்தது. போட்டோவில் நான் மட்டும் மஞ்சள்.

இன்றும் விருந்தாளி வந்தால் மாமியார் ஆரம்பித்துவிடுவார்: "எம் மருமவளுக்கு ரெண்டு நலங்கு. மொத நலங்க லைட்டு போட்டுகினு அவளே வெச்சிகினா." எல்லோரும் சிரிப்போம். என் கணவர் மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.